‘இந்தியர் வாக்கு’ எங்கே போனது? ஆய்வு வடிவமைப்பு கற்பிக்கும் ஒரு நூலும் தெலுக் இந்தான் எண்களும்



தேர்தல் முடிந்த மறுநாள் ஹுத்தான் மெலிந்தாங் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். “இந்தத் தடவ நம்ம ஆளுங்க மொத்தமா அந்தப் பக்கம் போயிட்டாங்க.” சில வாரங்களில் அதே வாக்கியம் செந்தமிழ் உடுத்திக்கொண்டு மாணவர் கட்டுரைக்குள் வந்துவிடும்: “இந்திய வாக்காளர்களின் ஆதரவு மாற்றமே இம்முடிவுக்குக் காரணமாக அமைந்தது.” பக்கத்தில் ஒரு விழுக்காடு, கீழே ஒரு வண்ண வரைபடம். பார்க்க ஆய்வு மாதிரியே இருக்கும்.

அந்த விழுக்காட்டை யார் எண்ணினார்கள்? வாக்குச்சீட்டில் பெயரும் இல்லை, இனமும் இல்லை. எண்ணப்பட்டவை சீட்டுகள்தான். பிறகு எப்படி ஒரு சமூகத்தின் மனம் எண்ணாகக் கிடைத்தது? அரசியல் ஆய்வு கற்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புள்ளியியல் மென்பொருள் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நூலை மதிப்பிடுகிறேன். கேரி கிங், ராபர்ட் கியோஹேன், சிட்னி வெர்பா ஆகிய மூவரும் எழுதிய ‘டிசைனிங் சோஷியல் இன்குவைரி’ 1994இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகத்தில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘கே.கே.வி.’ என்றே சுருக்கி அழைப்பார்கள். அரசியல் அறிவியலில் மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் இதைச் சந்திப்பார்கள். அதனால் இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை நாமே சேர்த்துக் கற்பிப்பது என்று இப்போதே பேசிவிடுவது நல்லது.

நூல் சொல்வது என்ன?

எண்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும், நேர்காணல், ஆவணம் போன்றவற்றை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் அடிப்படைத் தர்க்கம் ஒன்றே என்கிறது நூல். பார்த்ததை வைத்துப் பார்க்காததைப் பற்றி முடிவுக்கு வருவதுதான் ஆய்வு. அதை அனுமானம் என்போம். அந்த அனுமானத்துக்குப் போன வழியை எல்லாரும் சரிபார்க்கும்படி வெளியே வைக்க வேண்டும். முடிவில் எவ்வளவு ஐயம் மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகள் பேசப்படுகின்றன. கூடவே அவற்றின் போலிகளும் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஏது மாதிரி தெரியும், ஆனால் ஏது அல்ல. அது ஏதுப் போலி. மாணவர் கட்டுரையில் வரும் பல விழுக்காடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

நூலின் மிகப் பயனுள்ள அறிவுரை இது: உங்கள் விளக்கம் உண்மையாக இருந்தால் வேறு எங்கெல்லாம் அதன் தடயம் தெரிய வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு அங்கே போய்ப் பாருங்கள். தடயம் இல்லையென்றால் விளக்கத்தைத் திருத்துங்கள். ஆய்வு வடிவமைப்பு என்ற பெரிய சொல்லின் உள்ளே இருப்பது இவ்வளவுதான். இதை நம் ஊர்ப் பக்கத்து எண்களில் சோதித்துப் பார்ப்போம்.

தெலுக் இந்தான், 2013, 2014

2013 பொதுத் தேர்தலில் தெலுக் இந்தான் நாடாளுமன்றத் தொகுதியில் ஜசெகவின் சியா லியோங் பெங் 27,399 வாக்குகள் பெற்றார். கெராக்கான் கட்சியின் மா சியூ கியோங் பெற்றது 20,086. பெரும்பான்மை 7,313. சியாவின் மறைவால் 2014 மே 31இல் இடைத்தேர்தல் நடந்தது. அதில் மா சியூ கியோங் 20,157 வாக்குகள் பெற்று வென்றார். ஜசெகவின் டயானா சோஃபியாவுக்கு 19,919. பெரும்பான்மை 238.

முடிவை மட்டும் பார்த்தால் என்ன எழுதுவோம்? “ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் அணி மாறினர்.” உடனே அடுத்த வரி, எந்த இனத்தார் மாறினர் என்பது. இப்போது கழித்துப் பாருங்கள். ஜசெகவுக்குக் குறைந்தவை 7,480 வாக்குகள். வென்றவருக்குக் கூடியவை எத்தனை தெரியுமா? 71. வாக்களித்தோர் விகிதமோ 80 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 67 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

சரி, அப்படியானால் யாரும் அணி மாறவில்லை, எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இரண்டு கற்பனைக் கணக்குகளைப் பாருங்கள். புதிய வாக்காளர், இறந்தவர் போன்றவற்றை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

முதல் கணக்கு: 71 பேர் ஜசெகவிலிருந்து கெராக்கானுக்கு மாறினார்கள், 7,409 ஜசெக ஆதரவாளர்கள் வாக்களிக்க வரவில்லை.

இரண்டாம் கணக்கு: 2,000 பேர் ஜசெகவிலிருந்து கெராக்கானுக்கு மாறினார்கள், 5,480 ஜசெக ஆதரவாளர்கள் வரவில்லை, பழைய கெராக்கான் ஆதரவாளர்களில் 1,929 பேரும் வரவில்லை.

இரண்டிலும் ஜசெகவுக்கு 7,480 குறைகிறது, கெராக்கானுக்கு 71 கூடுகிறது. மொத்த எண் ஒன்றே. உள்ளே நடந்த கதை வேறு வேறு. மொத்தத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எது நடந்தது என்று அது சொல்லாது.

இங்கேதான் கே.கே.வி.யின் அறிவுரை கைகொடுக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் இளையோர் இடைத்தேர்தலுக்கு ஊர் திரும்பாததுதான் காரணம் என்றால், அதன் தடயம் எங்கே தெரிய வேண்டும்? நம் நாட்டில் ஒரு வாக்களிப்பு மையத்தில் வாக்காளர்களை வயதுப்படி சாலுரான்களாகப் பிரிப்பது வழக்கம். முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். ஒவ்வொரு சாலுரானின் எண்ணிக்கையும் போராங் 14இல் பதிவாகும். அப்படியானால் கடைசிச் சாலுரான்களில் வருகை அதிகமாகச் சரிந்து, முதல் சாலுரான்களில் ஓரளவே சரிந்திருக்க வேண்டும். மாறாக, மூத்தவர்களின் சாலுரானில் வருகை குறையாமல் கெராக்கானுக்கு வாக்கு கூடியிருந்தால், அங்கே அணி மாற்றம் நடந்ததற்கு அடையாளம். போராங்கைத் திறக்கும் முன்பே இந்த இரண்டையும் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு எழுதினால், எந்த எண்ணுக்கும் பொருந்துகிற ஒரு கதை நமக்குக் கிடைத்துவிடும்.

ஓர் இடைத்தேர்தல் என்பது ஒரே ஒரு நிகழ்வு. ஆனால் அதற்குள் பல வாக்களிப்பு மையங்கள், அவற்றுக்குள் பல சாலுரான்கள். இப்படி ஒரு நிகழ்வைப் பிரித்துப் பல கவனிப்புகளாக்கும் வழியை நூல் தனி அத்தியாயமாகவே கற்பிக்கிறது. சின்ன ஊர் மாணவருக்கு இது பெரிய வரம். கோலாலம்பூர் போய்த் தரவு தேட வேண்டியதில்லை.

எழுவாய் மாறும் இடம்

ஆனால் இதே அறிவுரையில் ஒரு குழியும் இருக்கிறது. எண்ணைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் தனி மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று மாணவர் நம்பிவிடுவார். அப்படிப் போய்ச் சேர முடியாது.

1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை மறக்க முடியாதபடி காட்டியது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்புத் தரவில், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறியாமைக்கும் உள்ள தொடர்பை அவர் கணக்கிட்டார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால் ஒட்டுறவுக் கெழு −0.53. அதாவது வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலத்தில் எழுத்தறியாமை குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால் +0.12. வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறியாமை சற்று அதிகம். குறியே தலைகீழாகிவிட்டது! காரணம் எளிது: குடியேறியவர்கள், உள்ளூர்க்காரர்கள் நன்கு படித்திருந்த மாநிலங்களில்தான் அதிகம் தங்கினார்கள்.

இதைத் தமிழ் இலக்கண வகுப்பில் ஒரே வரியில் சொல்லலாம். தரவு என்ற வாக்கியத்தின் எழுவாய் ‘மாநிலம்’. முடிவு என்ற வாக்கியத்தின் எழுவாய் ‘மனிதர்’. இடையில் எழுவாய் மாறிவிட்டது. பயனிலையை மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். “இந்தியர் அதிகமுள்ள வாக்களிப்பு மையத்தில் இன்ன கட்சிக்கு வாக்கு கூடியது” என்பது தரவு. “இந்தியர்கள் இன்ன கட்சிக்கு வாக்களித்தனர்” என்பது வேறொரு எழுவாய்.

அப்படியானால் ஒன்றுமே சொல்ல முடியாதா? எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு 1953இல் டங்கன், டேவிஸ் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். கற்பனையாக இரண்டு மையங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 1,000 பேர் வாக்களித்தார்கள், ஒரு கட்சிக்கு 600 வாக்கு.

முதல் மையம் பழைய தோட்டத்து மையம். வாக்களித்தோரில் 800 பேர் இந்தியர். மற்ற 200 பேரும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்தாலும், மீதி 400 வாக்கு இந்தியர்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதிகபட்சம் 600. ஆக இந்தியர் ஆதரவு 50 முதல் 75 விழுக்காட்டுக்குள். இது பயனுள்ள செய்தி.

இரண்டாம் மையம் இன்றைய தாமான். வாக்களித்தோரில் 300 பேர் இந்தியர். மற்ற 700 பேரே 600 வாக்கையும் தந்திருக்கலாம். அப்போது இந்தியர் ஆதரவு பூஜ்ஜியம். 300 பேரும் போட்டிருக்கலாம். அப்போது நூறு விழுக்காடு. பூஜ்ஜியம் முதல் நூறு வரை! எண் இருக்கிறது, செய்தி இல்லை.

நம் சமூகத்தின் இடப்பெயர்வு இந்தக் கணக்குக்குள் அப்படியே தெரிகிறது. தோட்டத்தில் லயன் வீடுகளில் சேர்ந்திருந்த காலத்தில் எல்லைகள் குறுகியவை. தோட்டங்கள் துண்டாகி, மக்கள் தாமான்களில் கலந்து குடியேறிய பிறகு எல்லைகள் விரிந்துவிட்டன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 7 விழுக்காட்டுக்கும் குறைவு; இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ‘இந்தியர் வாக்கு’ பற்றிய பேச்சு குறையவில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் சான்றுதான் மெலிந்துபோனது.

வயதைப் பற்றி நிலைமை வேறு என்பதையும் கவனியுங்கள். சாலுரானே வயதுப்படி பிரிக்கப்படுவதால், கடைசிச் சாலுரானில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளையோரே. ஆகவே அந்த மையத்து இளையோர் பற்றிய முடிவுக்கு எல்லை குறுகியது. ஒரே போராங் 14, ஒரு கேள்விக்கு நல்ல சான்று, இன்னொரு கேள்விக்குச் சான்றே இல்லை. தரவு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தக் கேள்விக்கு என்று கேட்க வேண்டும்.

348இன் மாயை

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில், நம் ஹுத்தான் மெலிந்தாங் அடங்கிய பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதியில் அகமட் ஸாஹிட் ஹமிடி 348 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். வெற்றியாளரிடமிருந்து இரண்டாம் இடத்தவருக்கு 175 பேர் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அதனால் “இந்தியர் வாக்கே தீர்மானித்தது” என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

அங்கேதான் சிக்கல். தென்னந்தோப்புக்காரர்கள் தீர்மானித்தார்கள், மீனவர்கள் தீர்மானித்தார்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் தீர்மானித்தார்கள் என்றும் எழுதலாம். வெற்றியாளருக்குப் போட்டவர்களில் 175 பேருக்குமேல் உள்ள எந்தக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. நெருக்கமான முடிவு என்பது வேறு, காரணம் என்பது வேறு.

நூலின் குறைகள்

கே.கே.வி. வெளிவந்த மறு ஆண்டே அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் பலர் அதை விவாதித்தார்கள். 2004இல் பிரேடி, காலியர் இருவரும் தொகுத்த நூல் அந்த விமர்சனங்களை விரிவாக்கியது. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம்.

முதலாவது, கவனிப்புகளைப் பெருக்கு என்ற அறிவுரையின் மேல் நூலுக்குள்ள அதிக நம்பிக்கை. ரொனால்ட் ரோகோவ்ஸ்கி இதற்கு எதிராக அரென்ட் லைப்ஹார்ட்டை எடுத்துக் காட்டினார். லைப்ஹார்ட் 1968இல் நெதர்லாந்து என்ற ஒரே நாட்டை ஆராய்ந்து, பிளவுபட்ட சமூகத்தில் நிலையான மக்களாட்சி அரிது என்ற கருத்தையே அசைத்தார். பின்பு 1977இல் எழுதிய நூலில் மலேசியாவையும் சேர்த்து ஆராய்ந்தார். சரியான ஒரு நிகழ்வு, தெளிவான ஒரு எதிர்பார்ப்பு, அது பொய்த்துப்போதல்: இதுவும் ஆய்வுதான். ஜெண்டராத்தா போன்ற ஒரு தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுத விரும்பும் மாணவரை “இது போதாது, இன்னும் பத்துத் தோட்டம் வேண்டும்” என்று விரட்ட வேண்டாம். “இந்தத் தோட்டத்தைப் பற்றி எல்லாரும் எதை எதிர்பார்க்கிறார்கள்? அது இங்கே பொய்க்கிறதா?” என்று கேளுங்கள்.

இரண்டாவது, எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்ற கருத்துத் தெளிவுக்கு நூல் கொடுக்கும் இடம் குறைவு. ‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து இனம் பிரித்தால் தமிழ் முஸ்லிம் ஒருவர் எந்தக் கட்டத்தில் விழுவார்? தோட்டத்துப் பாட்டியும் ஈப்போ வழக்கறிஞரும் ஒரே கட்டமா? சொல்லின் பொருளை ஆராய்வது தமிழாசிரியர் வேலை. இந்தப் பகுதியில் நாம் புள்ளியியல் ஆசிரியரைவிட நன்றாகவே உதவலாம்.

நம் வகுப்பறைக்கும் இதே பாடம்

ஆசிரியர்களின் செயலாய்வுகளுக்கும் இது பொருந்தும். முன்சோதனையில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கிறோம். புதிய உத்தி ஒன்றைக் கையாள்கிறோம். பின்சோதனையில் மதிப்பெண் ஏறுகிறது. “உத்தி வெற்றி” என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஒரு நாள் மிகக் குறைவாக வாங்கியவர்களை மட்டும் பொறுக்கினால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு வந்தவர்கள். சிலருக்குப் படித்தது வரவில்லை. ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை சராசரி கொஞ்சம் ஏறும். பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த போக்கு இது. விளைவைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி கே.கே.வி. எச்சரிப்பதும் இதைத் தொட்டதுதான். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் எஸ்.பி.எஸ்.எஸ். என்ன அழகாக அட்டவணை போட்டாலும் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பி முந்நூறு பதில் வந்ததும் மகிழ்கிற மாணவருக்கு 1936 கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்ததும், பதில் அனுப்பியவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததும் காரணம். கூட்டம் பெரிதாக இருந்ததால் பிழை சிறிதாகவில்லை.

கட்டுரை எழுதும் முன் ஐந்து கேள்வி

1. என் தரவின் எழுவாய் எது? என் முடிவின் எழுவாய் எது? இரண்டும் ஒன்றா?
2. என் விளக்கம் தவறு என்றால் எந்த எண் எப்படி இருக்கும்? தரவைப் பார்க்கும் முன் எழுதிவிட்டேனா?
3. இதே எண்ணுக்குப் பொருந்தும் இன்னொரு கதையைச் சொல்ல முடியுமா? தெலுக் இந்தான் கணக்குப் போல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேனா?
4. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எல்லை கட்டினேனா?
5. நான் பயன்படுத்தும் இனப்பெயர் யாரை உள்ளே எடுக்கிறது, யாரை விட்டுவிடுகிறது?

இந்தக் கேள்விகளால் கட்டுரையின் முடிவு சுருங்கும், உண்மைதான். “இந்தியர்கள் மாறினர்” என்பது “இந்த மையத்தில் இந்தியர் ஆதரவு 50க்கும் 75க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும், தாமான் பகுதிகளைப் பற்றி இத்தரவு எதுவும் சொல்லவில்லை” என்று ஆகும். அப்படி எழுதிய மாணவருக்குக் குறைத்து மதிப்பெண் போடாதீர்கள், தயவுசெய்து. அழுத்தமான முடிவுக்கே மதிப்பெண் என்று நாம் பழக்கியதால்தான் பிள்ளைகள் தெரியாததையும் தெரிந்தது போல் எழுதுகிறார்கள்.

தோற்ற கட்சி நம்மைக் குறை சொல்லும்போதும், வென்ற கட்சி நம்மைக் கணக்கில் எடுக்காதபோதும், ஒரு விழுக்காட்டைத்தான் காட்டுவார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்கு வேண்டும். அதற்கு ஆங்கில நூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரம் வகுப்பில் 27,399, 20,086, 20,157, 19,919 என்ற நான்கு எண்களை மட்டும் பலகையில் எழுதுங்கள். “என்ன நடந்திருக்கும்?” என்று கேட்டு, குறைந்தது மூன்று கதைகளையாவது மாணவர்களிடமிருந்து வாங்குங்கள். பிறகு, எந்தக் கதை சரி என்று கண்டுபிடிக்க இன்னும் எந்தத் தாள் வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.